குடோனில் லாரி சரக்கு இறக்கும்போது என்னென்ன விதி? வாசல் போர்டுக்கு யோசனை வேண்டும் (கிருஷ்ணகிரி)

பர்கூர்_ரோடு_குடோன்:
எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி – பர்கூர் ரோட்டில் புதுக் குடோன் திறக்கிறோம். வரும் சரக்கு: மாட்டுத் தீவன மூட்டை, சிமெண்ட், எண்ணெய் டிரம். பக்கத்து ஷெட்டுக்கு கிரானைட் ஸ்லாப் வரும், அதையும் நம் ஆட்கள்தான் இறக்க வேண்டும். டாடா ஏஸில் இருந்து பத்து சக்கர லாரி வரை உள்ளே வரும். லாரி மட்டத்துக்கு உயர்த்திய மேடை கிடையாது, எல்லாம் தரையில்தான். 3 டன் போர்க்லிஃப்ட் ஒன்று இருக்கிறது.

வாசலில் பெரிய போர்டு வைக்கப் போகிறோம். "பாதுகாப்பே முதன்மை" மாதிரி பொதுவான வாசகம் எதுவும் வேண்டாம். எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது, ஏன் என்று சொல்லுங்கள். காரணம் புரிந்தால்தான் ஆட்கள் கேட்பார்கள்.

பத்துசக்கரம்:
முதல் வரி இதுவா இருக்கட்டும் சார்: வண்டி இனி நகராதுன்னு உறுதியாகாம யாரும் பின்கதவில் கை வைக்கக் கூடாது.

ரிவர்ஸ் எடுக்க சைகை காட்டுற ஆள் ஒருத்தர்தான். நாலு பேர் நாலு பக்கம் நின்னு "வா, வா"ன்னா டிரைவருக்கு எதுவும் விளங்காது. அந்த ஒருத்தரும் வண்டிக்கு நேர் பின்னாடி நிக்கக் கூடாது. பக்கவாட்டில், வண்டியை விட்டு நாலஞ்சு அடி தள்ளி, டிரைவர் கண்ணாடியில் முழு ஆளும் தெரியுற இடத்தில் நிக்கணும். கண்ணாடியில் ஆள் மறைஞ்சா அந்த நொடியே பிரேக். இதை வண்டி உள்ளே வரும்போதே டிரைவர்கிட்ட சொல்லிடுங்க, வெளியூர் டிரைவர்கள் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பழக்கத்தில் இருப்பாங்க. பின்சக்கரம் முட்டி நிக்கிற மாதிரி தரையில் ஒரு கான்கிரீட் திட்டு கட்டிடுங்க. லாரி பாடி சக்கரத்துக்குப் பின்னாடி எவ்வளவு நீளுதுன்னு அளந்து, சுவருக்கும் பின்கதவுக்கும் நடுவில் ஆள் நசுங்காத இடம் மிஞ்சுற மாதிரி திட்டு இருக்கணும்.

நின்ன பிறகு பார்க்கிங் பிரேக், என்ஜின் ஆஃப், கியரில் போட்டு நிறுத்துறது, சக்கரத்துக்குக் கட்டை. நாலும் வேணும். ஏர் பிரேக் வண்டியில் பார்க்கிங் பிரேக்கைப் பிடிக்கிறது ஸ்பிரிங், காத்து இல்லை. பிரேக் அட்ஜஸ்ட்மெண்ட் தளர்ந்திருந்தா ஸ்பிரிங் முழுசா இறங்கியும் பிடி பத்தாது. சின்ன வண்டியில் ஹேண்ட்பிரேக் கேபிள் இழுபட்டு தளர்ந்திருக்கும், பாதி வண்டியில் இதுதான் நிலைமை. சரக்கு குறையக் குறைய பட்டா ஸ்பிரிங் மேலே எழும்பும், அப்போ வண்டி லேசா அசையும். அந்த அசைவுக்கும் கட்டைதான் காவல்.

கட்டை உயரம் டயர் உயரத்தில் கால் பங்காவது இருக்கணும். 10.00-20 டயர் ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அதனால் 25 சென்டிமீட்டர். பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும், ரெண்டு பக்கமும். நம்ம பக்கம் கிரானைட் துண்டுதான் கைக்கு வரும், அதைத் தயவுசெய்து விடுங்க. ஒரு முகம் பாலிஷ் ஆனதா இருந்தா சிமெண்ட் தரையில் வழுக்கும். சதுரக் கல் டயரோட வளைவில் ஒரு கோட்டில் மட்டும்தான் தொடும், பாரம் வந்தா கல்லே தள்ளிப் போகும். சரிவா அறுத்த கெட்டி மரக்கட்டை, இல்லைன்னா ரப்பர் கட்டை வாங்கி ஒரு சங்கிலி போட்டுச் சுவரில் மாட்டி வைங்க. அப்போதான் காணாமப் போகாது.

கடைசியா சாவி. சாவி ஆபீஸ் ஆணியில் தொங்கணும். பின்கதவு மூடி, கொண்டி போட்டு, ஆட்களை எண்ணிப் பார்த்த பிறகுதான் டிரைவர் கைக்குப் போகணும். வெயில் காலத்தில் கிளீனர் லாரிக்கு அடியில் நிழலுக்குப் படுத்திருப்பார். சாவி கொடுக்கிறவர் குனிஞ்சு அடியில் பார்த்துட்டுத்தான் கொடுக்கணும். இதைப் போர்டில் தனி வரியாவே எழுதுங்க.

தீவனக்கடை_தர்மபுரி:
சாவி விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. டிரைவர் கேபினிலேயே இருந்தால் வண்டி நகர ஆரம்பித்ததும் பிரேக் மிதிப்பார். கீழே இறக்கிவிட்டால் யார் நிறுத்துவது?

பத்துசக்கரம்:
கட்டை போட்டிருந்தா நகரவே நகராது அண்ணா. கேபினில் இருக்கிற டிரைவர் தூங்குவார், இல்லைன்னா போன் பேசுவார். யாராவது பாடியைத் தட்டுற சத்தத்தை "முடிஞ்சது, கிளம்பு"ன்னு எடுத்துக்குவார். ஹேண்ட் பாலெட் டிரக்கோட (சரக்கு அடுக்கின பலகையைத் தூக்கித் தள்ளுற கைவண்டி) ஒருத்தர் மேலே நிக்கும்போது வண்டி ரெண்டடி நகர்ந்தா போதும். சரக்கைத் தலைக்கு மேலே தூக்குற இடத்தில், முக்கியமா கல் இறக்குற இடத்தில், கேபினுக்குள்ள ஆளே இருக்கக் கூடாது.

தீவனக்கடை_தர்மபுரி:
தட்டுவதைத் தவறாக எடுத்துக்கொள்வது உண்மைதான். சரி, டிரைவருக்கு நிழலில் ஒரு பெஞ்சும் தண்ணீரும் வையுங்கள். உட்கார இடம் இல்லாவிட்டால் திரும்பவும் கேபினுக்குள்தான் ஏறுவார்.

சுமைப்பணி_மத்தூர்:
மூட்டை பற்றி நான் சொல்கிறேன். மூட்டையின் கனத்தைவிட முதல் பத்து நிமிடம்தான் ஆபத்து. தார்ப்பாய் அவிழ்ப்பதும் பின்கதவைத் திறப்பதும் அதில் வருகிறது.

தார்ப்பாயை அவிழ்க்க மூட்டை மேல் ஏறுகிறவர் தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் நிற்கிறார். பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டே பின்னால் நடந்தால் விளிம்பு தெரியாது. அதனால் கயிற்றை எல்லாம் கீழிருந்தே அவிழ்க்க வேண்டும். பிறகு தார்ப்பாயின் ஒரு ஓரத்தில் இரண்டு கயிறு கட்டி, எதிர்ப்பக்கத் தரையில் நின்று இரண்டு பேர் இழுத்தால் அது மடிந்து இறங்கிவிடும். மேலே ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் ஏணி வைத்து ஏறுங்கள், டயரில் கால் வைத்துக் கயிற்றைப் பிடித்துத் தொங்கி ஏற வேண்டாம். மழைக்குப் பிறகு தார்ப்பாய்க் குழியில் தண்ணீர் தேங்கியிருந்தால் முதலில் அதைக் கோலால் தள்ளி வடித்துவிடுங்கள். திடீரென்று இழுத்தால் அத்தனை தண்ணீரும் ஆள் மேல் கொட்டும்.

பின்கதவைத் திறக்கும் முன் வண்டி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேளுங்கள். சேலத்திலிருந்து வரும் வண்டி தொப்பூர் கணவாயில் ஏறி வருகிறது. ஏற்றம் முழுக்கச் சரக்கு பின்பக்கம் நழுவிக் கதவை அழுத்திக்கொண்டு நிற்கும். பெங்களூர், ஓசூர் பக்கமிருந்து சூளகிரி வழியாக இறங்கி வரும் வண்டியில் பிரேக் பிடித்துப் பிடித்துச் சரக்கு முன்னால் சாய்ந்திருக்கும், பின்வரிசையில் இடைவெளி விழுந்திருக்கும். இரண்டாவது வகையில் கதவு சுலபமாகத் திறந்துவிடும், ஆனால் உள்ளே மூட்டைச் சுவர் எதிலும் முட்டாமல் தனியாக நிற்கும். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

கதவு வெளிப்பக்கம் புடைத்திருக்கிறதா, கொண்டி இறுகிப்போய்த் தட்டினால்தான் வருமா என்று பாருங்கள். இறுகியிருந்தால் உள்ளே பாரம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் கதவைத் தொடாமல் மேலிருந்து நாலைந்து வரிசை எடுத்த பிறகு திறக்க வேண்டும். சாதாரண வண்டியிலும் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பக்கம், கதவின் விளிம்புக்கு வெளியே நின்று ஒரே நேரத்தில் கொண்டியை எடுக்க வேண்டும். கதவுக்கு நேர் பின்னால் ஒருவரும் கூடாது.

இறக்கும்போது மேலிருந்து படிக்கட்டு மாதிரி எடுத்துக்கொண்டு வர வேண்டும். சீக்கிரம் முடிய வேண்டும் என்று நடுவில் உருவினால் மேலே இருக்கும் வரிசை மொத்தமும் சரியும். 50 கிலோ மூட்டை பத்து சரிந்தால் அரை டன்.

மேலே இரண்டு பேர், கீழே சுமப்பவர்கள். லாரித் தளம் தரையிலிருந்து நாலு, நாலரை அடி இருக்கும். முதுகு காட்டி நின்றால் மேலே உள்ள இருவரும் மூட்டையை நேராக முதுகில் வைத்துவிடலாம், சுமப்பவர் குனியவே வேண்டாம். பலகை போட்டு ஏறி இறங்குவதைவிட இது மேல். பலகைதான் வேண்டும் என்றால் 12 அடி நீளம், 2 அங்குலக் கனம், லாரி விளிம்பில் மாட்டும் இரும்புக் கொக்கி, அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் அவசியம். அப்படியும் மூன்றுக்கு ஒன்று சரிவு வரும், 50 கிலோவோடு இறங்க அது செங்குத்துதான். மழையில் பலகையே வேண்டாம்.

கைக்கொக்கி சணல் சாக்குக்கு வந்தது. இப்போது வரும் பிளாஸ்டிக் சாக்கில் கொக்கி மாட்டி இழுத்தால் சாக்கு கிழியும், இழுத்தவர் அதே விசையில் பின்னால் விழுவார். லாரி விளிம்பில் நின்று இழுத்திருந்தால் தரைக்குத்தான் போவார். தீவனத்துக்கும் சிமெண்டுக்கும் கொக்கியைத் தடை செய்துவிடுங்கள்.

சிமெண்டுக்கு இன்னொன்று. வியர்வையில் நனைந்த சும்மாட்டில் சிமெண்டுத் தூள் ஒட்டினால் காரம் கழுத்துத் தோலைப் புண்ணாக்கிவிடும். சும்மாட்டுத் துணியை அடிக்கடி மாற்றுங்கள், கழுவத் தண்ணீர்த் தொட்டி பக்கத்திலேயே இருக்கட்டும். குடோனுக்குள் அடுக்கு 10 மூட்டை உயரத்தைத் தாண்டக் கூடாது. 8 மூட்டைக்கு மேல் போனால் ஒரு வரிசை நீளவாக்கு, ஒரு வரிசை குறுக்குவாக்கு என்று மாற்றி அடுக்க வேண்டும். ஐ.எஸ். 4082 என்ற இந்தியத் தர விதி இதைத்தான் சொல்கிறது.

ஆட்கள் எல்லாரையும் உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துவிடுங்கள். 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த வாரியம் அது. விபத்து நடந்த பிறகு அட்டைக்கு ஓடுவதில் பயனில்லை.

போர்க்லிஃப்ட்_ஓசூர்:
3 டன் போர்க்லிஃப்ட் என்பதால் எல்லா இடத்திலும் 3 டன் தூக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வண்டியின் தகட்டில் எழுதியிருப்பது பாரத்தின் நடுப்புள்ளி போர்க் (பாரத்தைத் தூக்கும் இரும்புக் கரம்) முகத்திலிருந்து 500 மில்லிமீட்டரில் இருக்கும்போது மட்டும். உங்கள் பாலெட் (சரக்கு அடுக்கும் பலகை) 1.4 மீட்டர் ஆழம் என்றால் நடுப்புள்ளி 700-க்குப் போய்விடும். முன் அச்சிலிருந்து போர்க் முகம் 480 மில்லிமீட்டர் என்று வைத்தால் கணக்கு இது: 3000 × 980 ÷ 1180. வருவது ஏறக்குறைய 2,490 கிலோ. உங்கள் வண்டியின் அளவைப் போட்டுப் பாருங்கள். மாஸ்டை (போர்க் ஏறி இறங்கும் செங்குத்துச் சட்டம்) உயர்த்தினால் இதுவும் குறையும், தகட்டில் உயரத்துக்கு ஏற்ற அட்டவணை இருக்கும்.

லாரிக்குள் போர்க்லிஃப்டை ஏற்றவே கூடாது. வண்டியின் சொந்த எடையே 4 டன்னுக்கு மேல். பாரத்தோடு நிற்கும்போது மொத்த எடையில் பெரும்பங்கு முன்சக்கரம் இரண்டில் இறங்கும். மூட்டை பரப்பி ஏற்ற அமைத்த பலகைத் தளம் அந்தப் புள்ளிப் பாரத்தைத் தாங்காது.

உங்களுக்கு மேடை இல்லாததால் லாரியின் பக்கக் கதவைத் திறந்து பக்கவாட்டில் பாலெட் எடுப்பீர்கள். இதில்தான் கவனம் வேண்டும். இந்தப் பக்கப் பாலெட்டுக்குள் போர்க்கை நுழைக்கும்போது அதன் நுனி அந்தப் பக்கப் பாலெட்டைத் தள்ளிவிடும், அது மறுபக்கம் விழும். ஓட்டுநருக்கு மறுபக்கம் தெரியவே தெரியாது. அதனால் எடுக்காத பக்கத்துக் கதவு மூடியே இருக்க வேண்டும், அந்தப் பக்கம் ஆள் போகாமல் கயிறு கட்ட வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்கக் காலி செய்துவிட்டு மறுபக்கம் போனால் வண்டி சாயும். இங்கே இரண்டு, அங்கே இரண்டு என்று மாற்றி எடுங்கள். போர்க் உள்ளே இருக்கும்போது லாரித் தளத்தில் ஆள் கூடாது. போர்க் மேல் ஆளை ஏற்றித் தார்ப்பாய் அவிழ்ப்பது அறவே கூடாது.

தரை சிமெண்டா, மண்ணா? மண் தரை என்றால் மழைக்குப் பிறகு ஒரு சக்கரம் இறங்கி 3 டிகிரி சாய்ந்தாலே 3 மீட்டர் உயரத்தில் பாரம் 16 சென்டிமீட்டர் பக்கவாட்டில் போய்விடும். ஓட்டும்போது போர்க் தரையிலிருந்து 15–20 சென்டிமீட்டர், மாஸ்ட் பின்சாய்வு.

பர்கூர்_ரோடு_குடோன்:
முன்பகுதி சிமெண்ட், பின்னால் மண்தான். அந்தப் பக்கம் போர்க்லிஃப்ட் போகாது என்று முடிவு செய்துவிட்டோம். எண்ணெய் டிரம்மை டயர் மேல் உருட்டித் தள்ளுவது எல்லா இடத்திலும் நடக்கிறதே, அது பரவாயில்லையா?

போர்க்லிஃப்ட்_ஓசூர்:
வேண்டாம். 200 லிட்டர் டிரம் நிரம்பினால் ஏறக்குறைய 200 கிலோ. நாலடி உயரத்திலிருந்து டயரில் விழுந்தால் எந்தத் திசையில் எகிறும் என்று யாராலும் சொல்ல முடியாது, எகிறியது ஆளின் முழங்காலைத்தான் தேடிப் போகும். டிரம்மின் மடிப்பு விளிம்பு நசுங்கினால் அன்றைக்கு ஒழுகாது, குடோனில் நின்று நாலு நாள் கழித்து ஒழுகும். போர்க்லிஃப்டில் மாட்டும் டிரம் கிளாம்ப் வாங்குங்கள். அதுவரை, லாரியிலேயே நாலு டிரம்மைப் பாலெட்டில் நிறுத்தி, பட்டையால் சுற்றிக் கட்டி, போர்க்லிஃப்டில் இறக்கலாம். டிரம்மை நகர்த்தும்போது விளிம்பில் சாய்த்துச் சுழற்றுகிறவர் விரல்களை மேல் விளிம்பில் வைக்க வேண்டும். இரண்டு டிரம் நடுவில் கை போகக் கூடாது.

கல்பட்டறை:
ஸ்லாப் என்று சொன்னீர்கள். அதற்குத் தனிப் போர்டு வையுங்கள், மூட்டை விதியோடு கலக்க வேண்டாம். மூட்டை விழுந்தால் எலும்பு முறியும். ஸ்லாப் சாய்ந்தால் ஆள் பிழைப்பதே கடினம்.

எடைக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நீளம் × உயரம் × கனம், மீட்டரில். அதைச் சாதாரணக் கல்லுக்கு 2.7, கருப்புக் கல்லுக்கு 3-ஆல் பெருக்கினால் டன் வரும். 2.9 × 1.8 மீட்டர், 20 மில்லிமீட்டர் பாரடிசோ (ஒரு கிரானைட் வகை) ஸ்லாப் ஒன்று 282 கிலோ. அதே அளவு கருப்பு 313. 30 மில்லிமீட்டர் என்றால் இன்னும் ஒன்றரை மடங்கு. சாயத் தொடங்கிய ஸ்லாப்பை நாலு பேர் சேர்ந்தாலும் நிறுத்த முடியாது. கைகொடுக்கப் போகிறவர்தான் அடியில் மாட்டுகிறார். விதி: சாய்ந்தால் விட்டுவிடு, ஓடு. கல் போனால் போகட்டும். இதை முதலாளியே ஆட்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உடைந்த கல்லுக்குக் கூலி பிடிப்பார்கள் என்ற பயம் இருக்கும்வரை ஆட்கள் கை கொடுத்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

லாரியில் ஸ்லாப் 'ஏ' வடிவ இரும்புச் சட்டத்தில் இரண்டு பக்கமும் சாய்ந்து வரும். சாய்வு 10 டிகிரி என்றால், வண்டி நிற்கும் தரை பக்கவாட்டில் 3 டிகிரி சரிந்திருந்தாலே ஒரு பக்கம் மிச்சம் 7 தான். ஒரு சக்கரம் குழியில் இறங்கியிருந்தால் அதுவும் போச்சு. ஸ்லாப்பைக் கட்டியிருக்கும் பெல்ட்டை அவிழ்க்கும் முன் லாரித் தளத்தில் குறுக்காக ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மட்டம் இல்லையென்றால் வண்டியை நகர்த்துங்கள். பெல்ட்டை அவிழ்த்த பிறகு நகர்த்தவே கூடாது.

பெல்ட்டை ஒரே நேரத்தில் மொத்தமாக அவிழ்ப்பதுதான் பெரிய தவறு. ஒரு கட்டு மட்டும் தளர்த்தி, அதிலிருந்து எடுத்து, மிச்சத்தை மறுபடி இறுக்கிவிட்டு அடுத்த பக்கம் போக வேண்டும். இடம் வலம் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். ஒரு பக்கம் காலியானால் சட்டமே மறுபக்கம் கவிழும். தளர்த்தும்போது அந்தப் பக்கத்தில், ஸ்லாப் உயரத்தின் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள், தளர்த்துகிறவரைத் தவிர யாரும் இருக்கக் கூடாது. அவரும் ஸ்லாப்பின் முகத்துக்கு எதிரே நிற்காமல் ஓரத்தில் நின்றுதான் தளர்த்த வேண்டும்.

மழையில் நனைந்து வந்த லோடில் இரண்டு பாலிஷ் முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கிளாம்ப் (ஸ்லாப்பைக் கவ்வித் தூக்கும் கருவி) ஒன்றைத் தூக்கும்போது அடுத்ததும் பாதி தூரம் கூட வந்து திடீரென்று விடும். ஒவ்வொரு ஸ்லாப்பையும் எடுக்கும் முன் மேல் விளிம்பில் மர ஆப்பு தட்டி இடைவெளி தெரிந்த பிறகே தூக்குங்கள்.

கத்திரிக்கோல் மாதிரி கிளாம்ப் கல்லின் எடையாலேயே பிடிக்கிறது. தூக்கிப் போகும் வழியில் ஸ்லாப்பின் அடி எதிலாவது முட்டினால் எடை குறையும், பிடி தளரும், கல் நழுவும். அதனால் தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் தூக்காமல், பாதையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, மெதுவாகப் போக வேண்டும். ரப்பர் பேடில் கல்தூள், எண்ணெய் இருந்தால் துடைத்த பிறகே மாட்டுங்கள். ஸ்லாப்பைக் கையால் திருப்பாதீர்கள். ஓரத்தில் 3 மீட்டர் கயிறு கட்டித் தள்ளி நின்று திருப்புங்கள்.

பெல்ட் ஸ்லிங் (பாரத்தைத் தூக்கும் பட்டை) வாங்கினால் நிறம் பாருங்கள்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. அது நேராகத் தொங்கும்போது. இரண்டு கால் போட்டுத் தூக்கினால் நடுக்கோணம் 60 டிகிரி வரை ஒவ்வொரு காலும் மொத்த எடையில் 0.58 பங்கு தாங்கும். 90-இல் 0.71. 120 டிகிரிக்கு விரித்தால் ஒவ்வொரு காலிலும் முழு எடையும் விழும். 90-ஐத் தாண்ட வேண்டாம். அறுத்த கல்லின் விளிம்பு பெல்ட்டைக் கத்தி போல அறுக்கும், ரப்பர் உறை இல்லாமல் போடவே கூடாது. தூக்கும் சாதனம், சங்கிலி, ஸ்லிங் எல்லாவற்றையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதி பெற்றவர் சோதித்துச் சான்று தர வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவு வைத்தது. சின்ன ஷெட் என்றாலும் அந்தப் பழக்கத்தை விடாதீர்கள்.

பாலக்கோடு_மண்டி:
தக்காளி கிரேட் இறக்கும் இடங்களுக்கும் சொல்கிறேன், படிக்கிறவர்களுக்கு உதவும். நசுங்கிய தக்காளித் தண்ணீர்தான் இங்கே ஆளை விழ வைக்கிறது. விடிகாலையில் வண்டிகள் வரிசையாக நிற்கும், கழுவ நேரம் இருக்காது. ஒவ்வொரு வண்டிக்கும் இடையே ஒரு கூடை மரத்தூளோ உமியோ தூவினால் போதும். கிரேட்டை ஐந்துக்கு மேல் ஒன்றாக இழுக்க வேண்டாம், மேல் கிரேட்டின் பள்ளம் சரியாக உட்காராவிட்டால் அடுக்கு முகத்தின் மேல்தான் சரியும்.

மின்கம்பி_காவலன்:
யாரும் மேலே பார்க்கச் சொல்லவில்லையே. லோடு உயரம் 12 அடி, மேலே நிற்கும் ஆள் ஐந்தரை அடி, கை உயர்த்தினால் மொத்தம் 19 அடிக்கு மேல். காலி மனைகள் மேல் போகும் கம்பி பல இடங்களில் அதைவிடத் தாழ்வாகத் தொங்கும், கோடையில் இன்னும் தொய்யும். 11 கே.வி. கம்பியில் நேரே தொடக் கூட வேண்டாம், மிக அருகில் போனாலே பாயும். இறக்கும் இடத்துக்கு மேலே எந்தக் கம்பியும் கூடாது. இருந்தால் இ.பி. ஆபீஸில் எழுதிக் கொடுத்து, மதிப்பீட்டுத் தொகை கட்டி, மாற்றிக்கொள்ளுங்கள். கல் இறக்க கிரேன் வரும் இடத்தில் இதற்குத் தள்ளுபடியே கிடையாது.

பர்கூர்_ரோடு_குடோன்:
பின்பக்க மூலையில் ஒரு கம்பி போகிறது. கல் இறக்கும் இடத்தை முன்பக்கத்துக்கு மாற்றிவிடுகிறோம். இன்னொன்று, ஆட்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி பேசுகிறவர்கள் கலந்து இருக்கிறார்கள். போர்டைப் படிக்க முடியாதவர்களும் உண்டு.

சுமைப்பணி_மத்தூர்:
போர்டில் படம் வரையுங்கள், வார்த்தை குறையட்டும். நிறுத்தச் சொல்லும் சைகையை ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காக. யார் காட்டினாலும் நிற்க வேண்டும். காட்டியவர் அன்றைக்குச் சேர்ந்த பையன் என்றாலும் சரி, ஏன் காட்டினாய் என்று யாரும் திட்டக் கூடாது. தினமும் முதல் வண்டிக்கு முன் ஒருமுறை எல்லாரையும் செய்து காட்டச் சொல்லுங்கள்.

பத்துசக்கரம்:
ராத்திரி வண்டி வருமா சார்? வந்தா விளக்கைச் சுவரில் நடுவா மாட்டாதீங்க. ரிவர்ஸ் வரும்போது அந்த வெளிச்சம் நேரா கண்ணாடியில் அடிச்சு, சைகை காட்டுறவர் கருப்பு உருவமாத்தான் தெரிவார். ரெண்டு மூலையிலும் உயரத்தில், கீழ்நோக்கிச் சாய்ச்சு, ஒவ்வொரு எல்.இ.டி. விளக்கு. லாரி பாடிக்குள்ள வெளிச்சம் போகாது, அதுக்குத் தனியா ஒரு பேட்டரி விளக்கு. சைகை காட்டுறவருக்கு மின்னுற பட்டை வச்ச சட்டை வாங்கிக் கொடுத்துடுங்க.

பர்கூர்_ரோடு_குடோன்:
இரவு ஒன்பது மணி வரை வரும். இப்போது விளக்கு சுவரின் நடுவில்தான் இருக்கிறது, நாளைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூலைக்கு மாற்றுகிறேன். போர்டு எழுதியதும் படம் போடுகிறேன், பார்த்துத் திருத்தம் சொல்லுங்கள்.